சீட் இல்லாத வண்டி

சென்ற பொங்கல் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருந்த நம் சங்க நண்பர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க பிம்ப்ரியில வண்டிக் கம்பெனியிலேயே முப்பது வருஷம் இருந்தவராச்சே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று தம் செல்போனை நீட்டினார். அதில் ஓர் இளைஞன் ஆள் உயரப் பாறை ஒன்றின் மேல் மோட்டார் சைக்கிளோடு ஏறி, உச்சியில் ஒரு கணம் அசையாமல் நின்று, மறுபக்கம் பூனை மாதிரி இறங்கினான். கால் தரையில் படவே இல்லை. வண்டிக்கு சீட்டும் இல்லை.

"எம் பையன் இந்த டிரயல்ஸ் பைக்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். உட்கார இடமில்லாத வண்டிக்கு எவனாவது பணம் கொடுப்பானா சார்?" என்றார் நண்பர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "நல்ல கனமான வண்டியா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க. ஓட்டினாலும் கௌரவம், வாசல்ல நிறுத்தி வெச்சாலும் கௌரவம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம், 2017-ல் இதே வார்த்தைகளை என் வீட்டில் நான் சொல்லியிருக்கிறேன். அன்று மைதானத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதித் தீர்க்கிறேன். ஆசிரியர் பக்கங்களைக் குறைக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் டிரயல்ஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் அதை ரேஸ் என்று நினைத்துப் பயப்படுகிறோம். அன்று மைதானத்தில் நாம் கைதட்டிய அதே ஸ்லோ சைக்கிள் ரேஸைப் பாறை, ஓடை, மரவேர், வழுக்கும் மேடு இவற்றின் மேல் நடத்தினால் அதுதான் டிரயல்ஸ். வேகம் பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகம். இரு பக்கமும் எல்லை கட்டிய சிறு பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, மூன்றும் அதற்கு மேலும் 3. விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ 5. எல்லாம் தண்டப் புள்ளிகள். குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். ஓட்டுபவர் நின்றுகொண்டேதான் ஓட்டுகிறார். அதனால்தான் சீட் இல்லை. பெட்ரோல் டேங்க் இரண்டு மூன்று லிட்டர்தான். வண்டியின் எடை 70 கிலோ அளவில். நம் ஊர்களில் சிலிண்டரும் காய்கறி மூட்டையும் சுமக்கிற டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 மொபெட்கூட 85 கிலோவுக்கு மேல். அதைவிட லேசான வண்டியை வைத்துக்கொண்டுதான் அந்தப் பையன் பாறை ஏறினான்.

இந்த எடைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் முழு வழக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

தமிழர்களுக்கு இந்த விளையாட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆறு நாள் டிரயல்ஸ் பந்தயம் ஒன்று நடக்கிறது. 1952-லும் 1957-லும் அதில் ஜெயித்தவர் ஜானி பிரிட்டன் என்ற ஆங்கிலேயர். அவர் ஓட்டியது ராயல் என்ஃபீல்டு 350 சிசி புல்லட். அந்த இரண்டு வெற்றிகளுக்கு நடுவே, 1955-ல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது; திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. ஆக, நம் அப்பாக்கள் காலத்தில் போலீஸ்காரரும் மிலிட்டரிக்காரரும் டுப்டுப்பென்று ஓட்டிக்கொண்டு வந்த வண்டியின் உடன்பிறப்பு, அங்கே பாறை ஏறிப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சாமி மில்லர் என்பவர் 500 சிசி ஏரியல் வண்டியில் ஆண்டுக்கணக்காக ஜெயித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, ஸ்பெயின் நாட்டு புல்டாக்கோ கம்பெனியோடு சேர்ந்து 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை உருவாக்கினார். ஷெர்பா என்று பெயர். எடை 90 கிலோவை ஒட்டி. 1965-ல் அந்தச் சின்ன வண்டியில் ஸ்காட்லாந்துப் பந்தயத்தை ஜெயித்தார். கனமான நான்கு ஸ்ட்ரோக் ஆங்கில வண்டிகளின் காலம் அதோடு சாய்ந்தது. நாட்டிலேயே பெரிய சாம்பியன், பெரிய வண்டியை விட்டு இறங்கிச் சின்ன வண்டிக்கு வந்தார். நாமோ இன்னும் கௌரவம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2019-ல் 'புல்லட் டிரயல்ஸ்' என்ற பெயரில் 350-லும் 500-லும் இரண்டு வண்டிகள் கடைக்கு வந்தன. அடுத்த ஆண்டே நின்றுவிட்டன. பழைய வெற்றிகளின் நினைவாக வைத்த பெயர் அது. பார்க்க மிக அழகு. ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். நெடுஞ்சாலைக்கும் கிராமத்து மண் ரோட்டுக்கும் ஏற்ற வண்டி. பெயரில் உள்ள விளையாட்டைக் கற்றுக்கொள்ள அல்ல. பழைய வண்டிச் சந்தையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "இதோ டிரயல்ஸ் கிடைச்சாச்சு" என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி என் கதை. என் மகன் டிப்ளமோ முடித்த வருடம், தனக்கு ஹீரோ இம்பல்ஸ் வேண்டும் என்றான். 2011-ல் வந்த 150 சிசி வண்டி, 134 கிலோ, மண் பாதைக்கென்றே உயரமாகச் செய்தது. அப்போது விற்பனை நின்றுபோய், பழையதாகத்தான் கிடைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. "நின்னுபோன மாடல், பழைய வண்டி, அதுவும் ஒல்லியா கொசு மாதிரி. நம்ம வாசல்ல நிக்கிற வண்டியை நாலு பேர் திரும்பிப் பாக்க வேண்டாமா?" என்றேன். பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பம் அந்த மாதம்தான் புதுக் கார் எடுத்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பெருமையோடு வாங்கிக் கொடுத்தது 190 கிலோ வண்டி. என்ன வண்டி என்பது முக்கியமில்லை. அதன் மேல் குற்றமும் இல்லை.

மூன்றாவது வாரம், ஜுன்னர் பக்கம் கோட்டை பார்க்கத் தனியாகப் போனான். பிரதான சாலையை விட்டு விலகி மண் பாதையில் ஏறும்போது, திருப்பம் சரியாகத் தெரியவில்லை என்று நிறுத்தியிருக்கிறான். இடது கால் ஊன்றிய இடத்தில் புல் மூடிய குழி. வண்டி சாய்ந்தது. 190 கிலோ சாய ஆரம்பித்தால் 60 கிலோ பையனால் பிடிக்க முடியுமா? கால் அடியில் மாட்டிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த தங்கர் தம்பதி இருவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு; பிளேட் வைத்தார்கள். விபத்து நடந்தபோது வேகம் என்னவென்று இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பூஜ்யம் என்று என் கையால் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "தூக்க முடியலப்பா" என்று மட்டும் சொன்னான். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். அதன்பின் அவன் இரு சக்கர வண்டியைத் தொடவில்லை. பஸ்ஸிலும், இப்போது மெட்ரோவிலும் வேலைக்குப் போகிறான்.

ஆகவே நண்பருக்கும், பிள்ளைகள் மண் பாதை வண்டி கேட்கிற மற்ற பெற்றோருக்கும் நான் சொல்வது: குதிரைச் சக்தியையும் சிசியையும் பிறகு பாருங்கள். வண்டியைக் கடை வாசலில் தரையில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், பழைய வண்டியானால் சம்மதிப்பார். பையனோ பெண்ணோ தனியாக அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு முறை போதாது, மூன்று முறை. மண்ணில் கற்றுக்கொள்ளும் முதல் நாளில் பத்து முறையாவது வண்டி விழும். ஒவ்வொரு முறையும் தூக்கித் தூக்கிச் சோர்ந்த உடம்பு பதினொன்றாவது முறை தவறு செய்யும். கனமான வண்டியின் ஆபத்து இதுதான். வேகத்தில் அல்ல, களைப்பில் இருக்கிறது.

உண்மையான டிரயல்ஸ் வண்டியே வாங்க வசதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஸ்பெயினில் மோன்டெஸா, காஸ்காஸ், இத்தாலியில் பீட்டா, பிரான்சில் ஷெர்கோ என்று இவற்றைச் செய்பவர்கள் சிலரே. பெரும்பாலும் 125, 250, 300 சிசி என்று வரும். தொடக்கக்காரர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். பெரியதே நல்லது என்று 300-ஐ எடுப்பவருக்கு, ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் திருகினாலும் வண்டி கையை உருவிக்கொண்டு முன்னே பாயும். சின்னதே பத்திரம் என்று 125-ஐ எடுக்கும் 75 கிலோ ஆசாமிக்கு வேறு தொல்லை: மெதுவான வேகத்தில் இழுவை போதாமல், எஞ்சினைக் கதறவிட்டுக் கிளட்ச்சில் விளையாட வேண்டியிருக்கும். அது அனுபவசாலியின் வித்தை. பதினெட்டு வயது ஒல்லிப் பிள்ளைக்கு 125 சரி. வளர்ந்தவருக்கு 200 அல்லது 250 சாதுவானது. பழையதாக வாங்கினால் கிளட்ச்சைப் பிடித்த பிறகும் வண்டி முன்னே ஊர்கிறதா, பின்சக்கரக் கையில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, எஞ்சினின் அடியில் பாறை இடித்து விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலே பெயின்ட் பளபளப்பதைப் பார்ப்பதெல்லாம் கல்யாணத் தரகர் காட்டும் போட்டோ மாதிரி.

ஆனால் புனேயில் நான் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் இந்த வண்டிகளைக் கண்டதில்லை. தனியாக வரவழைத்தால் சுங்க வரி கழுத்தைப் பிடிக்கும். ஒரு கிளட்ச் பிளேட் தேய்ந்தால் கடல் கடந்து வரவேண்டும். ரோட்டில் ஓட்டவும் ஆகாது. டெம்போவில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்களுக்கு முதல் வண்டியாக அது ஒத்துவராது என்பதே என் அபிப்பிராயம்.

அதற்காக ஆசையை மூட்டை கட்டச் சொல்லவில்லை. டிரயல்ஸ் என்பது வண்டியின் பெயராக இருப்பதைவிட ஒரு பழக்கத்தின் பெயர். ஸ்பெயினில் பெரே பீ என்ற மோன்டெஸா ஓட்டுநர் தம் சிறு மகனை முதலில் சைக்கிளில் கல்லும் மேடும் ஏறப் பழக்கினார். அந்தச் சைக்கிள் விளையாட்டே தனியாக வளர்ந்தது. அந்தப் பையன் ஓட் பீ பிற்காலத்தில் அதில் உலகச் சாம்பியன் ஆனான். 2007-லிருந்து 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் மோட்டார் சைக்கிள் டிரயல்ஸில் உலகப் பட்டம் வென்ற டோனி போவும் சைக்கிளில் தொடங்கியவர்தான். பத்து வயதுப் பிள்ளை கேட்டால் சைக்கிளும், நாலு செங்கல்லும், ஒரு பலகையும் போதும்.

பதினெட்டு ஆனவர்களுக்கு? மண் பாதைக்கென்றே செய்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்ற வண்டி 2019-லிருந்து இருக்கிறது. 154 கிலோவில் வந்தது. உயரமான, தெம்பான பிள்ளைக்கு நல்ல தேர்வு. ஆனால் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது, கால் எட்டாத இடத்தில்தான் என் மகனுக்கு நடந்தது நடக்கும். நம் வயதுக்காரர்கள் உருகும் யமஹா ஆர்.எக்ஸ். 100 நூறு கிலோவை ஒட்டிய அருமையான வண்டி. 1996-ல் நின்றுபோய், இப்போது தங்க விலை சொல்கிறார்கள். நான் சிபாரிசு செய்வது என்ன தெரியுமா? பால்காரர் வண்டி. பழைய ஸ்ப்ளெண்டர். 110 கிலோ அளவில். பாகங்கள் மூலைக்கடையில் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை இரண்டு மூன்று பல் கூடுதலாக மாற்றினால், முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் தொண்டை அடைக்காமல் போகும். கிளட்ச், பிரேக் லீவர்களை இறுக்கி முடுக்காமல் சற்றே சுழல விட்டால், விழும்போது ஒடியாமல் திரும்பிக்கொள்ளும். டயர் காற்றில் மட்டும் டிரயல்ஸ்காரர்களைக் காப்பியடிக்காதீர்கள். அவர்கள் பின்டயரில் 4, 5 பவுண்டுதான் வைப்பார்கள். அது ட்யூப் இல்லாத மெத்தென்ற தனி டயர். ட்யூப் உள்ள டயரில் அப்படி இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் கிள்ளிப் போகும்.

மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், முழங்கால் காப்பு, கணுக்காலை மூடுகிற பூட்ஸ். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு டேக்டிகளின் மேல் ஏறாதீர்கள். அவை வனத்துறை நிலம். காலையில் நடக்கப் போகும் பெரியவர்களின் சாபம் வேறு. சாகணில் என்னோடு வேலை பார்த்த மராத்தி நண்பர் தம் தரிசு நிலத்தைக் கொடுத்தார். இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடுவது, ஒரு சாக்கு மணலைக் கொட்டி அதன் மேல் நின்றபடி கடப்பது, பத்து மீட்டரைக் கால் ஊன்றாமல் எவ்வளவு நேரம் கடக்கலாம் என்று பார்ப்பது. இதைத் தேர்ந்தவன் மழைக்காலத்தில் ஹடப்சர் நெரிசலில் வழுக்க மாட்டான்.

பதினெட்டு ஆகாத பிள்ளைக்குச் சாவி கொடுக்கும் பெற்றோருக்கு ஒன்று. 2019 சட்டத் திருத்தத்தின்படி சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் குற்றம் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் தலையில்: 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்ற சமாதானம் எடுபடாது.

"படிப்பு கெடும், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை ஓட்டாமல் இருக்கிறானா? நண்பனின் வண்டியில், ஹெல்மெட் இல்லாமல், எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுகிறான். பெண் பிள்ளைக்கு எதற்கு என்பவர்களுக்கும் ஒரு தகவல்: 2019-ல் பாஹா பந்தயங்களில் பெண்களுக்கான உலகக் கோப்பையை வென்றவர் பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே. மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்.

நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிளோடு ஸ்லோ மோட்டார் சைக்கிளும் சேர்க்கலாமே? லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். சுண்ணாம்புக் கோடு, நாலு செங்கல், ஒரு சாக்கு மணல். செலவு இருநூறு ரூபாய்க்குள். நடுவர் வேலையை நானே பார்க்கிறேன். கௌரவமான கனத்த வண்டிக்காரர்களும் வரட்டும், எத்தனை புள்ளி வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

என் தம்பி மகள் கட்டைப்பட்ட உயரம். சென்ற அக்டோபரில் "பெரியப்பா, எனக்கு மண்ல ஓட்டக் கத்துக்கணும்" என்று வந்து நின்றாள். தம்பிக்கு வயிற்றைக் கலக்கியது. என் மகனுக்கு நடந்தது அவனுக்கும் தெரியுமே. இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு போசரியில் ஒரு ஸ்ப்ளெண்டர் பார்த்தோம். வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகன் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கியரில் விட்டு, வண்டியைத் தானே மெல்லச் சாய்த்து மண்ணில் படுக்க வைத்தான்.

"தூக்கு" என்றான்.

அவள் குனிந்து ஹாண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. "இடுப்பு போயிடும். திரும்பி நில்லு. முதுகை வண்டிப் பக்கம் காட்டு. உட்காரு. ஒரு கை ஹாண்டில்ல, ஒரு கை சீட்டுக்கு அடியில கம்பியில. இப்ப காலால எந்திரி, பின்னாடியே அடி வை" என்றான். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டான், எந்த இரவுகளில் உட்கார்ந்து பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இரண்டாவது முறை பாதி வந்து விழுந்தது. மூன்றாவது முறை நிறுத்திவிட்டாள். அவன் மறுபடி படுக்க வைத்தான். அப்படி மூன்று தடவை அவள் ஒழுங்காக நிறுத்திய பிறகுதான், சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.